மருந்தை வெல்லும் நோய்

பெண்டிர்க்குப் பெருந்துன்பம் விளைக்கும் நோய்களுள் ஒன்று சூலகப் புற்றுநோய். கருமுட்டையைத் தோற்றுவிக்கும் சூலகம் அடிவயிற்றின் ஆழத்தில் அமைந்த சிற்றுறுப்பு. ஆதலின் நோய் முளைத்த தொடக்கத்தில் தெளிவான அறிகுறி காண்பது அரிது. வயிறு உப்புதல், பசி குன்றுதல் முதலியவற்றைப் பலரும் பெரிதாக எண்ணார். நோய் இன்னதெனப் புலப்படுங்கால் அது பெரும்பாலும் வயிற்றறை எங்கும் பரவிவிடுகின்றது.

அறுவையால் கட்டியை நீக்கி, எஞ்சிய நோயணுக்களை மருந்தால் அழிப்பது மருத்துவர் கொள்ளும் முறை. பிளாட்டினம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்துகளும், பசிபிக் யூ மரப்பட்டையில் முதன்முதல் கண்டறியப்பட்ட பாக்ளிடாக்செலும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றால் நோய் முதலில் பெரிதும் தணியும். ஆயினும் பலரிடத்து அது மீண்டும் தலைதூக்குகின்றது. நாளடைவில் மருந்துக்கு அடங்காததாகவும் ஆகிவிடுகின்றது.

இதற்குக் காரணம் யாது? ஓட்டைப் படகினுள் புகும் நீரைப் படகோட்டி இடைவிடாது இறைத்து வெளியேற்றுவான். அதுபோல, சில நோயணுக்கள் உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இத்தொழிலைச் செய்வது பி-கிளைக்கோபுரதம் என்னும் பொருள். 1976-ஆம் ஆண்டில் ஜூலியானோ, லிங் என்னும் அறிஞர் இருவர், மருந்துக்கு மசியாத வெள்ளெலிச் சூலக உயிரணுக்களில் இதனைக் கண்டறிந்தனர். பாக்ளிடாக்செல் இவ்வாறு வெளியேற்றப்படும் மருந்துகளுள் ஒன்று. பிளாட்டின மருந்து விளைத்த சிதைவையோ நோயணுக்கள் வேறு வழிகளால் செப்பனிட்டுக்கொள்கின்றன.

புரதம் தானே தோன்றுவதன்று. அரசன் ஆணையை ஓலையில் தீட்டித் தூதன்வழி விடுப்பதுபோல, மரபணுவின் ஆணையைத் தூது ஆர்.என்.ஏ. ஏந்திச் செல்கின்றது, அதன்படியே புரதம் உருவாகின்றது. ஓலையை இடைவழியில் கிழித்துவிட்டால் ஆணை நிறைவேறுமோ? நிறைவேறாது. இதுவே மரபணுவை அடக்கும் முறை. ஃபயர், மெல்லோ என்னும் அமெரிக்க அறிஞர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவை ஆராய்ந்து, 1998-இல் இவ்வுண்மையை வெளியிட்டனர். 2006-இல் நோபெல் பரிசு பெற்றனர். மனித உயிரணுக்களிலும் இம்முறை செல்லும் என்பது 2001-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சூலகப் புற்றணுக்களில், மருந்தை இறைக்கும் புரதத்திற்குரிய மரபணுவை அடக்கியபோது, மருந்து உள்ளே தங்கித் தன் தொழிலைச் செய்தது. எனினும் உடலினுள் இதனைச் செய்வது எளிதன்று. அடக்கும் ஆர்.என்.ஏ. குருதியில் விரைவில் சிதைந்துவிடும். ஆதலின் அதனைக் கொழுப்பு நுண்துகளுள் பொதிந்து அனுப்ப முயல்கின்றனர். குடல், மூளை முதலியவற்றில் நச்சுப்பொருளை விலக்கிக் காப்பதும் அதே புரதமே. ஆதலின் நலமுள்ள உறுப்புகளை விடுத்து, நோயணுவை மட்டுமே அடைதல் வேண்டும். மேலும், ஒரு வாயிலை அடைத்தால் நோய் மற்றொரு வாயிலைத் தேடுதலும் உண்டு. ஈரலில் செயற்படும் இவ்வகை மருந்தொன்று, மரபுவழி வரும் நரம்பு நோய்க்கென 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சூலகப் புற்றுநோய்க்கோ இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

புழுவை ஆராய்ந்தோர் புற்றுநோய்க்கு மருந்து தேடினாரல்லர். இயற்கையின் உண்மையையே தேடினர். அவ்வுண்மை இன்று நோயுற்றோர்க்கு நம்பிக்கை அளிக்கின்றது. சிறிதென்று எதனையும் இகழாது ஆராய்வதே அறிவுடைமையாகும்.