காதைப் பொத்தினாலும் கேட்கும் சத்தம்

சுருளி அருவிக்குப் போனால் இதைச் செய்து பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தில் தலையைக் கொடுத்து நின்று, இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடையுங்கள். பக்கத்தில் நிற்கும் அண்ணன் கூப்பிடுவது சரியாகக் கேட்காது. ஆனால் உச்சந்தலையில் விழும் தண்ணீரின் 'தடதட' மட்டும் ஓயவே ஓயாது.

காதுதான் மூடியிருக்கிறதே, பிறகு எந்த வழியாக வந்தது? மண்டையோடு வழியாக!

வழக்கமாகச் சத்தம் காற்றில் வந்து செவிப்பறையைத் தட்டும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை, சத்தத்தை உணரும் உள்காதுப் பகுதியான காக்ளியாவுக்குக் கடத்தும். அங்கவடி வெறும் 3 மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. காக்ளியாவோ மண்டையோட்டு எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. மண்டையோடு அதிர்ந்தால் அதுவும் அதிரத்தானே வேண்டும்?

காது டாக்டர்கள் இதை வைத்தே சோதிப்பார்கள். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் வைப்பார்கள். அங்கே சத்தம் ஓய்ந்ததும் காதுக்கு முன்னால் பிடிப்பார்கள். நல்ல காதாக இருந்தால் மறுபடியும் கேட்கும். எலும்பில்தான் நன்றாகக் கேட்கிறது என்றால், செவிப்பறைப் பக்கம் எங்கோ அடைப்பு என்று சந்தேகப்படுவார்கள்.

சரி, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்ப்பது எப்படி? உயிரோடு இருப்பவரின் மண்டையைத் துளைக்க முடியுமா! இங்கேதான் இறந்தவர்கள் உதவிக்கு வருகிறார்கள். ஹங்கேரியில் ஜார்ஜ் வான் பெக்கெசி என்பவர் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். இறந்தவர்களின் காது எலும்பைத் துளைத்து, காக்ளியாவுக்குள் வெள்ளித் துகள் தூவி, விட்டு விட்டு மின்னும் விளக்கொளியில் அலை ஓடுவதைக் கண்டார். இந்த வேலைக்காக 1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இறந்தவர்களின் உடல் இன்றும் பாடம் சொல்கிறது. தேனிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது அல்லவா? இப்படிப்பட்ட கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உறுதிமொழி எடுத்த பிறகே தானமாக வந்த உடலைத் தொட்டுப் படிக்கிறார்கள். உடல் கெடாமலிருக்க ஃபார்மலின் ஏற்றுவது வழக்கம். மூக்கில் ஏறும், கண் எரியும். அதைவிடப் பெரிய தொல்லை, அது தசையையும் சவ்வையும் விறைக்க வைத்துவிடும். விறைத்த சவ்வு உயிருள்ள சவ்வைப் போல அதிருமா?

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் என்பவர், உடலை மென்மையாகவே வைத்திருக்கும் முறையை 1992-இல் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் அப்படிப் பதப்படுத்திய தலைகளில் அதிர்வுக் கருவியைப் பொருத்தி, காக்ளியாவை மூடிய எலும்பு எவ்வளவு ஆடுகிறது என்று லேசரால் அளக்கிறார்கள். அந்த ஆட்டத்தை நானோமீட்டரில்தான் சொல்ல முடியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு துண்டு!

இதுபோன்ற அளவீடுகளில் தெரிந்த ஒன்று: கருவி காக்ளியாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு பலமாக அதிர்வு போய்ச் சேரும். காதுத் துளையே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு எலும்பு வழிக் கருவி பொருத்தும்போது இது பெரிய விஷயம். ஸ்வீடனில் 1977-லேயே டைட்டானியம் திருகு வைத்து மண்டையோட்டில் அப்படிப்பட்ட கருவியை மாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் இறந்த காது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. உயிருள்ள காக்ளியாவில் சில ரோமச் செல்கள் தாமே துள்ளி, மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும். இறந்ததும் அந்தத் துள்ளல் நின்றுபோகும். பெக்கெசியும் காது கிழியும் அளவுக்குச் சத்தம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மெல்லிய சத்தம் கேட்கிறதா என்பதற்கு உயிருள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் கருவியை அழுத்தி, "கேட்டதும் விரலைத் தூக்குப்பா" என்கிறார்கள்.