ஆசிரியர் இல்லாத செய்திகள்

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. என் எட்டாம் வகுப்பில் 36 பேரில் 19 பேர்தான் வந்திருந்தனர். வெளியே தூறல்கூட இல்லை. விசாரித்தபோது, "நேத்து ராத்திரியே லீவுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சாம் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. மறுநாள் ஒரு பெற்றோரின் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தொலைக்காட்சித் திரையை எடுத்த படம். எங்கள் மாவட்டத்தின் பெயரும் 'பள்ளிகளுக்கு நாளை விடுமுறை' என்ற வரியும் இருந்தன. செய்தி உண்மைதான், ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. தேதி இருந்த மூலை மட்டும் படத்தில் இல்லை.

முதலில் அனுப்பியவர் யார் என்று தேடினோம். சித்தப்பா, அவருடைய நண்பர், நண்பரின் குழு என்று போய்க்கொண்டே இருந்தது. வேண்டுமென்று பொய் சொன்னவர் யாரும் அகப்படவில்லை. ஒருவரும் சரிபார்க்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அச்சுக்கு முன் நடந்த வேலை

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். அக்காலம் முதல் செய்தி நம் கைக்கு வரும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். நிருபர் எழுதுவார், துணை ஆசிரியர் திருத்துவார், மெய்ப்பு பார்ப்பவர் பிழை களைவார், ஆசிரியர் பொறுப்பேற்பார். பிறகே அச்சு.

அப்போதும் தவறுகள் வந்தன. ஆனால், யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களை ஒவ்வோர் இதழிலும் குறிப்பிட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. நாளிதழின் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை நாம் வாசிப்பதே இல்லை. செய்திக்கு முகவரி தருவது அந்த வரிதான்.

எல்லோரும் படைப்பாளர்கள்

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2005இல் யூடியூப் வந்தது. 2016க்குப் பின் தரவுக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. கேமராவும் அச்சகமும் ஒளிபரப்பு நிலையமும் ஒரே கைப்பேசிக்குள் வந்துவிட்டன.

இதனால் விளைந்த நன்மை பெரிது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துப் படம்பிடித்தனர். அவர்களுடைய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்தது. அதற்கு எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. நம் ஆசிரியர்கள் பலர் பாடக் காணொலிகள் வெளியிடுவதும் இவ்வழியில்தான்.

பார்க்கும் முறையும் மாறிவிட்டது. தேநீர்க் கடையில் ஒரே நாளிதழைப் பலர் பிரித்துப் படித்தனர். ஒரே செய்தியைப் பற்றிப் பேசினர். இன்று ஒரே வீட்டில் நான்கு கைப்பேசிகளில் நான்கு உலகங்கள் ஓடுகின்றன. நாம் எதில் அதிக நேரம் நின்றோமோ அதைப் போன்றதையே செயலி மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

வெட்டப்பட்ட சில நொடிகள்

பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுக் காணொலி எடுத்தார்கள். இரு சக்கர வண்டியில் வரும் இருவர், தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். சில நொடிகளில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கைப் பதாகை ஒன்றைக் காட்டுகின்றனர். யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மீதி, உண்மையான கடத்தல் என்ற பெயரில் 2018இல் இந்தியா முழுவதும் பரவியது.

அதே ஆண்டு மே மாதம், குழந்தை கடத்தல் புரளி பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. நாட்டின் வேறு பல இடங்களிலும் உயிர்கள் போயின. அதன் பிறகே வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை பகிரப்பட்ட செய்திகளுக்கு 2020இல் அந்த எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்தது. வேகம் குறைந்தது, ஆனால், சரிபார்க்கும் வேலை இன்னும் வாசகரிடம்தான் இருக்கிறது. அந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

தமிழில் பத்திரிகையை நடத்துபவருக்கும் பள்ளியில் கற்பிப்பவருக்கும் 'ஆசிரியர்' என்ற ஒரே சொல்தான். முன்னவர் செய்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவது இன்று நம் பொறுப்பு.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

தொடக்க வகுப்புகளில்: ஒரு படத்தின் பாதியை அட்டையால் மறைத்து, என்ன நடக்கிறது என்று கதை சொல்லச் சொல்லுங்கள். பிறகு அட்டையை எடுங்கள். 'முழுதாகப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது' என்பதை நாம் சொல்லவே தேவையில்லை, பிள்ளைகளே சொல்வார்கள்.

6 முதல் 8 வகுப்புகளில்: பழைய நாளிதழ்களைக் கொடுத்து, அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், இடம், தேதி ஆகியவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதே விவரங்களை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தேடச் சொல்லுங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்பதையும் காட்டுங்கள்.

9, 10 வகுப்புகளில்: உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு படத்தைக் கூகுளில் பதிவேற்றி, அது இதற்கு முன் எங்கே, எப்போது வந்தது என்று தேடும் பயிற்சி தரலாம். யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யார் உறுதி செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.

பெற்றோரின் கைப்பேசி வழியாகவே பெரும்பாலான செய்திகள் பிள்ளைகளை அடைகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் பயன் கிடைக்கும்.

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒன்று. தேர்வுத் தேதி, அகவிலைப்படி, கலந்தாய்வு என்று தேதியும் கையொப்பமும் இல்லாத 'சுற்றறிக்கைகள்' நம் ஆசிரியர் குழுக்களிலும் வலம் வருகின்றன. நானும் அப்படி ஒன்றை அனுப்பிவிட்டு, மறுநாள் வருத்தம் தெரிவித்திருக்கிறேன். அந்தக் கதையை என் வகுப்பில் சொன்னேன். அன்றுதான் மாணவர்கள் இந்தப் பாடத்தை மிகவும் கவனித்துக் கேட்டார்கள்.