கதை படித்துக் காட்டும் விஞ்ஞானி

ஒரு நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்பது அரசாங்கங்களின் வழக்கம். அவ்வாறு தெரிந்தவர்களுள் எத்தனை பேர் தாமாக விரும்பி ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிறார்கள் என்று கேட்பவர் சிலரே. இந்த இரண்டாவது கேள்வியைத் தம் வீட்டுக்கு அருகிலேயே எழுப்பி, அதற்கு விடை காணவும் முற்பட்ட ஓர் அராபியப் பெண் விஞ்ஞானியைப் பற்றி இங்கே சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். ஜோர்டன் நாட்டைச் சேர்ந்த அவருடைய பெயர் ரானா தஜானி.

இவருடைய தந்தை பாலஸ்தீனர். தாய் சிரியா நாட்டவர். நான்கு குழந்தைகளுக்குத் தாயான பிறகு, ஃபுல்பிரைட் உதவித் தொகை பெற்று இவர் அமெரிக்காவிலுள்ள ஐயோவா பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். உயிரணுக்களின் நுண்ணிய இயக்கங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றபின் தாயகம் திரும்பி, ஹாஷிமியப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். காகஸஸ் மலைப் பகுதியிலிருந்து வந்து ஜோர்டனில் குடியேறிய ஸர்க்காஸியர், செச்சேனியர் ஆகிய சமூகத்தாரிடையே நீரிழிவு நோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பு இவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. பரிணாமக் கொள்கையை முஸ்லிம் மாணவர்களுக்குத் தயக்கமின்றிக் கற்பித்து வருபவர் என்ற வகையிலும் இவர் அறியப்பட்டவர். மாணவர்கள் எதையும் தாமே சிந்தித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதே இவருடைய போதனையின் அடிப்படை.

அயல்நாட்டிலிருந்து திரும்பிய இவருடைய கண்ணில் ஒரு குறை பட்டது. பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் பாடப் புத்தகத்தைப் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். இன்பத்துக்காகப் படிக்கும் பழக்கம் அரிதாக இருந்தது. அரபு மொழியில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. வீட்டில் பேசும் அரபு வேறு, நூலில் எழுதும் அரபு வேறு. பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை அறிந்த நமக்கு இத்தொல்லையை விளக்க வேண்டியதில்லை. ஏட்டு மொழியைப் பள்ளியில் மட்டுமே சந்திக்கும் குழந்தைக்கு அது கண்டிப்பான ஆசிரியரைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

விஞ்ஞானி நோயின் அறிகுறியோடு நிற்பதில்லை, மூலத்தைத் தேடுகிறார். வாசிப்பில் விருப்பம் எங்கே தோன்றுகிறது? அன்புள்ள ஒருவர் அருகில் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டும்போது என்பதே இவர் கண்ட விடை. எனவே 2006-ஆம் ஆண்டில், அம்மான் நகரில் தாம் வசித்த பகுதியிலிருந்த பள்ளிவாசலில் சுற்றுப்புறக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை படித்துக் காட்டத் தொடங்கினார். நூலகம் கட்டப் பணம் வேண்டும், காலமும் வேண்டும். பள்ளிவாசலோ ஒவ்வொரு பேட்டையிலும் ஏற்கெனவே இருக்கிறது. மக்களின் நம்பிக்கைக்கும் உரியது.

'நாம் வாசிப்பை நேசிக்கிறோம்' என்ற பொருள்படும் பெயரைக் கொண்ட இயக்கம் இவ்வாறு பிறந்தது. அதன் அமைப்பு மிக எளிது. ஒரு தொண்டருக்குச் சிறிது காலம் பயிற்சி அளிக்கிறார்கள். குரலை ஏற்றி இறக்கிப் படிப்பது எப்படி, முகபாவம் காட்டுவது எப்படி, குழந்தைகளைக் கதைக்குள் இழுப்பது எப்படி என்பவையே பாடம். பிறகு அவர் தம் பகுதியில் ஏதேனும் ஓரிடத்தில் குழந்தைகளைக் கூட்டி, அவர்கள் அறிந்த மொழியிலேயே கதை படிக்கிறார். கேள்வித் தாள் இல்லை, மதிப்பெண் இல்லை. தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கு வெளியே பேசிப் பழகாத ஒரு பெண், முப்பது குழந்தைகள் காத்திருக்கும் ஒருவராக மாறுகிறார் என்றால், இதில் பயன் பெறுபவர் குழந்தைகள் மட்டுமல்லர் என்பது விளங்கும். இம்முறை இன்று அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியுள்ளது. 2017-இல் யுனெஸ்கோவின் ஸெஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசு இவ்வியக்கத்துக்குக் கிடைத்தது.

இப்பணியின் அருமை அகதி முகாம்களில்தான் முழுமையாகப் புலப்படுகிறது. 2011-இல் சிரியாவில் மூண்ட கலகத்தையும் போரையும் அடுத்து லட்சக்கணக்கானோர் எல்லை கடந்து ஜோர்டனுக்கு வந்தனர். 2012-இல் ஸாத்தரி என்னும் பெருமுகாம் எழுந்தது. அங்குள்ள அகதிகளே பயிற்சி பெற்றுத் தங்கள் குழந்தைகளுக்குக் கதை படிக்கத் தொடங்கினர்.

அதே அகதிகளிடையே தஜானி, அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து, ஓர் ஆராய்ச்சியையும் நடத்தினார். கொடுமையை அனுபவித்தவரின் உடலில் அதன் தழும்பு சந்ததிக்கும் செல்லுமா என்பதே கேள்வி. நம் ஜீன்களில் எழுதப்பட்டுள்ள செய்தி மாறாமலே, அவற்றின் மீது படியும் நுண்ணிய வேதிக் குறிகள் மாறக்கூடும். 1982-இல் ஹமா நகரில் நடந்த படுகொலையின்போது கருவுற்றிருந்த பெண்கள், அவர்களுடைய மக்கள், பேரக் குழந்தைகள் என மூன்று தலைமுறையினரின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து உயிரணுக்களைச் சேகரித்தனர். பிற்காலப் போரில் துன்புற்ற குடும்பங்களையும், 1980-க்கு முன்பே சிரியாவை விட்டு வந்த குடும்பங்களையும் சேர்த்து, 48 குடும்பங்களை ஒப்பிட்டனர். 2025-இல் முடிவுகள் வெளியாயின. ஹமாவை நேரில் கண்டிராத பேரக் குழந்தைகளிடத்தும் 14 இடங்களில் இக்குறிகள் மாறியிருந்தன. இம்மாற்றங்களால் உடல்நலத்துக்கு என்ன நேரும் என்பது இனி ஆராய வேண்டியது. ஆகவே இதனைத் தலைவிதி என்று கொள்ளலாகாது. மனித உடல் சூழ்நிலைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் திறனுக்கு இது சான்று என்றும் கொள்ள இடமுண்டு. தஜானியின் கருத்தும் இதுவே.

ஆய்வுக்கூடத்துப் பணியும் பள்ளிவாசலில் கதை படிப்பதும் வெவ்வேறு துறைகள்போலத் தோன்றலாம். முன்னோர் நமக்கு எதை விட்டுச் செல்கின்றனர் என்ற ஒரே வினாவின் இரு பகுதிகள் அவை. துன்பத்தின் சுவடு நாம் அறியாமலே அடுத்த தலைமுறைக்குச் செல்லக்கூடும். வாசிப்பின் இன்பமோ அப்படித் தானாகச் செல்வதில்லை. அதை ஒருவர் அருகில் அமர்ந்து, குரல் கொடுத்து, தம் கையாலேயே வழங்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு புத்தகம், ஒரு பாய், அரைமணி நேரம், இவ்வளவே.