சார்ந்து நிற்கும் செயற்கூறுகள்

கணிப்பொறியிலே செய்திகளை ஒழுங்குபடச் சேர்த்துவைக்கும் கருவூலம் தரவுத்தளம் எனப்படும். அடிக்கடி செய்யவேண்டிய கணக்கு ஒன்றை அதனுள் எழுதிப் பெயரிட்டு வைக்கலாம். அதுவே செயற்கூறு. ஒரு செயற்கூற்றை மற்றொன்று அழைத்துப் பயன்கொள்ளும். அதனை வேறொன்று அழைக்கும். ஆதலின், அடியில் உள்ளதைத் திருத்துவோர் அதன்மேல் நிற்பவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வின் வழிவந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள். இதில், பெயரும் உள்ளீடுகளும் விடையின் வகையும் மாறாதிருக்க, செயற்கூற்றின் உள்ளுடலை மட்டும் மாற்றலாம். அப்போது சார்ந்து நிற்பவை அழியா. விடையின் வகையை மாற்ற விரும்பினாலோ, பழையதை நீக்கியே புதியதை ஆக்குதல் கூடும். அதைக்கொண்டு அமைந்த காட்சியட்டவணை ஏதேனும் இருப்பின், நீக்குவதற்கு மென்பொருள் இசையாது. 'கேஸ்கேட்' என்னும் சொல்லைச் சேர்த்து ஆணையிட்டால் இசையும். சார்ந்தவற்றையும் உடன் அழித்துவிடும். அவசரக்காரர் கையில் இச்சொல் மிகக் கொடிது.

உள்ளீட்டின் வகையை மாற்றி எழுதினால் பழையது திருந்துவதில்லை. அதே பெயரில் இரண்டாவது ஒன்று தோன்றும். ஓரூரில் முருகர் இருவர் இருப்பின் தந்தை பெயரின் முதலெழுத்தால் பிரித்தறிகிறோம் அன்றோ? மென்பொருளும் உள்ளீட்டு வகையால் இவ்விரண்டையும் பிரித்தறியும். பழைய முறையில் அழைப்பவை பழையதையே சென்று அடையும். திருத்தியவரோ, பணி முடிந்ததென்று இருப்பார்.

கேடின்றித் தோன்றும் முதல் வழியிலும் ஓர் இடர் மறைந்துள்ளது. நூலின் இறுதியில் சொல்லடைவு இருத்தல்போலத் தரவுத்தளத்திலும் விரைந்து தேடுதற்கு அடைவுகள் உண்டு. செயற்கூறு தரும் விடைகளைக் கொண்டும் அடைவு அமைக்கலாம். ஆனால், 'ஒரே உள்ளீட்டிற்கு என்றும் ஒரே விடை தரும்' என்று உறுதி கூறப்பட்ட செயற்கூறே அதற்கு ஏற்கப்படும். அவ்வுறுதியை மென்பொருள் நம்புமேயன்றிப் பின்னர்ச் சோதிப்பதில்லை.

நூலகம் ஒன்றில், ஆசிரியர் பெயரின் முதலெழுத்தை அடுத்து வரும் புள்ளியை நீக்கித் தரும் செயற்கூற்றைக் கொண்டு அடைவு அமைத்திருப்பதாகக் கொள்வோம். பின்னொரு நாள், இடைவெளியையும் நீக்குமாறு அதைத் திருத்துகின்றனர். அடைவில் உள்ளவையோ பழைய விடைகளே. ஆதலால், அவ்வடைவின் வழியே தேடும்போது, நிலைப்பேழையில் கண்ணெதிரே உள்ள நூலும் 'இல்லை' என்றே விடை வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. 'ரீஇண்டெக்ஸ்' என்னும் ஆணையால் அடைவை மீளக் கட்டிய பின்னரே அந்நூல் கிடைக்கும்.