கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் ஊழும் முயற்சியும்

ஊழ் வலியதாயின் மக்கள் முயற்சிக்கு இடம் யாது? முயற்சி உரிமையுடையதாயின் ஊழ் என்பதொன்று உண்டெனக் கோடல் யாங்ஙனம்? இவ்வினா சமய நூலார்க்கும் தருக்க நூலார்க்குமே உரியதன்று. கி. மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துப் புலவர்கள் இதனை நாடக அரங்கில் வைத்து நகர மாந்தர் காண ஆராய்ந்தனர். அந்நாடகங்களில் வரும் மக்கள் ஊழ் என்னும் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவைகள் என்பது பலரும் கூறும் கொள்கை. அக்கொள்கை பொருந்துமோ என்பதனைச் சோபோக்ளிஸ் (ஏறத்தாழக் கி. மு. 496-406) இயற்றிய 'ஈடிபஸ் அரசன்' என்னும் நாடகத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். ஊழைக் குறிக்கக் கிரேக்கர் வழங்கிய சொற்களுள் தலையாயது 'மொய்ரா' என்பது. அதன் முதற்பொருள் பங்கு அல்லது கூறு என்பதாம். தமிழிலும் 'பால்' என்னுஞ் சொல் பகுதியையும் ஊழையும் உணர்த்துதலும், தொல்காப்பியனார் அதனை ஊழ் என்னும் பொருளில் ஆளுதலும் அறிஞர் அறிவர். எனினும் ஒரு வேறுபாடு மறக்கற்பாலதன்று. நம்மவர் ஊழ் என்றவழி முன்செய்த வினையின் பயன் என்பது பெறப்படும். இந்நாடகத்திலோ ஈடிபஸின் முற்பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அவன் பிறக்கு முன்னரே அவன் பங்கு வகுக்கப்பட்டது; எக்காரணத்தால் என்பதைச் சோபோக்ளிஸ் கூறவில்லை. ஆதலின், மொய்ராவையும் வினைப்பயனையும் ஒன்றெனக் கொள்ளின் இந்நாடகம் எழுப்பும் வினாவே மறைந்துவிடும்.

கதை வருமாறு: தீப்ஸ் நகரத்து மன்னன் லாயஸ், தன் மகன் கையால் தான் இறப்பான் என்னும் தெய்வவாக்கைத் தெல்பியிலிருந்து பெற்றான். பிறந்த குழந்தையின் கணுக்கால்களைப் பிணித்துக் கித்தைரோன் மலையில் எறிந்துவர ஓர் இடையனிடம் ஒப்புவித்தனர். அவனோ இரங்கி வேறோர் இடையனுக்கு அதனை அளித்தான். குழந்தை கொரிந்து நகரத்து அரசன் பாலிபஸின் மகனாக வளர்ந்தது. ஒருநாள் விருந்தில் கள்ளுண்டான் ஒருவன், 'நீ உன் தந்தைக்குப் பிறந்தவன் அல்லை' என்று இகழ, ஈடிபஸ் உண்மை உணர விரும்பித் தெல்பிக்குச் சென்றான். அப்பல்லோ அவன் கேட்டதற்கு விடை கூறாது, அவன் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்றார். அதற்கஞ்சிக் கொரிந்துக்கு மீளாது சென்றவன், மூன்று வழிகள் கூடுமிடத்தில் தன்னை வழியினின்றும் தள்ளிய முதியோன் ஒருவனைச் சினத்தால் கொன்றான். பின்னர் ஸ்பிங்க்ஸ் என்னும் பூதத்தின் விடுகதையை அவிழ்த்துத் தீப்ஸ் நகரைக் காத்து, அரசும் அரசியும் எய்தினான். கொலையுண்டவன் தந்தை, மணந்தவள் தாய்.

இவையெல்லாம் நாடகம் தொடங்குவதற்குப் பல்லாண்டுகட்கு முன் நிகழ்ந்தவை என்பது கருதற்பாலது. அரங்கில் நிகழ்வது ஆராய்ச்சி ஒன்றே. நகரில் கொள்ளைநோய் பரவுகின்றது. லாயஸைக் கொன்றவனைப் போக்கினாலன்றி நோய் நீங்காது என்று தெல்பியினின்றும் மொழி வருகின்றது. கொன்றவன் யாவன் எனத் தேட முற்பட்டவன் ஈடிபஸே. மும்முறை அவன் தடுக்கப்பட்டான். குருட்டுத் தீர்க்கதரிசியாகிய தைரீசியஸ் கூற மறுத்துத் தன்னை வீட்டிற்கு அனுப்புமாறு வேண்டினார். உண்மையை முன்னுணர்ந்த அரசி யோகாஸ்தா மேலும் ஆராய்தல் ஒழிக என்று மன்றாடினாள். இறுதியில் முதிய இடையன், சொல்லொணாததன் விளிம்பில் நிற்கின்றேன் எனத் தயங்கினான். மூன்றிடத்தும் ஈடிபஸ் நிற்க உடன்பட்டானல்லன். கேட்டேயாக வேண்டும் என்றது அவன் துணிபு. தெல்பி வாக்கில் இவ்வாராய்ச்சி விதிக்கப்படவில்லை; அது அவன் நகரத்தின்மாட்டு வைத்த அன்பினின்றும், உண்மையின்மேல் வைத்த வேட்கையினின்றும் எழுந்தது.

அற்றேல், தான் வாய்திறவாவிடினும் வருவது தானே வரும் என்றும், ஈடிபஸ் கண்ணிழப்பான் என்றும் தைரீசியஸ் முன்னரே கூறினாரன்றே. அவ்வழி இவையும் ஊழின்பாற்பட்டன ஆகாவோ எனின், ஆகா. முன்னறிதல் வேறு, செய்வித்தல் வேறு. அரங்கின்முன் இருந்த ஏதென்ஸ் மக்களும் கதையின் முடிவை அறிவர். அவர் அறிவு ஈடிபஸைத் தள்ளிற்றில்லை. தெளிவு இன்னும் வேண்டின் கண்ணைக் குத்திக்கொண்ட இடத்தைக் காண்க. உன்னைத் தூண்டிய தெய்வம் யாது எனக் குழுவினர் வினவ, இத்துன்பங்களை நிறைவேற்றியவர் அப்பல்லோ என்றும், கண்ணில் அடித்த கை தன்னுடையதே, பிறர் கையன்று என்றும் அவன் விடையிறுக்கின்றான். தெய்வத்தின் செயலும் தன் செயலும் ஒன்றையொன்று அழியாது உடனிற்றலை அவன் கண்டான்.

ஈஸ்கிலஸ் என்னும் முன்னைப் புலவர் இதனை வேறுவகையாகக் கையாண்டார். கி. மு. 467-இல் அரங்கேறிய அவர்தம் 'தீப்ஸை எதிர்த்த எழுவர்' என்னும் நாடகத்தில், மகப்பேறின்றி இறப்பின் நகர் உய்யும் என்று லாயஸுக்கு மும்முறை அறிவுறுத்தப்பட்டது. ஆண்டு விலகும் வழி உண்டு; லாயஸ் கடந்தமையால் குற்றமும் உண்டு. சோபோக்ளிஸ் அவ்வழியை அடைத்துவிட்டார். அவர் நாடகத்தில் வாக்கிற்கு நிபந்தனை இல்லை. குற்றத்தைக் காட்டித் துன்பத்திற்கு எளிதில் காரணங்கூற ஒண்ணாதவாறு கதையை அமைத்ததே அவர் நுட்பம்.

அங்ஙனமாயின் ஈடிபஸ் குற்றவாளியோ? அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், இத்தகையோன் வீழ்வது தீயொழுக்கத்தால் அன்று, 'ஹமார்த்தியா'வால் என்று கூறி ஈடிபஸையே எடுத்துக்காட்டினார். குறி தப்புதல் என்னும் பொருளினின்றும் வந்த அச்சொல்லுக்குப் பிழை என்பது ஒக்கும். பாவம் என்பது ஒவ்வாது. ஏதென்ஸ் நகரத்துச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. கி. மு. 7-ஆம் நூற்றாண்டில் டிராக்கோன் வகுத்து, கி. மு. 409-8-இல் மீண்டும் கல்லில் பொறிக்கப்பெற்ற கொலைச்சட்டம், கருதாது செய்த கொலையைத் தனியே வைத்து விதி கூறுகின்றது. சோபோக்ளிஸ் இறந்தபின் கி. மு. 401-இல் அரங்கேறிய 'கொலோனஸில் ஈடிபஸ்' என்னும் நாடகத்தில், முதுமையுற்ற ஈடிபஸ் தானே இவ்வழக்கை உரைக்கின்றான்: தன்னைக் காக்க அடித்தேன், அறியாது செய்தேன், சட்டத்தின்முன் தூயேன் என்பது அவன் கூற்று. ஆயினும் தந்தையைக் கொன்ற கையில் படிந்த தீட்டு அவனை விடவில்லை. தீட்டு நினைவை நோக்காது செயலையே பற்றுவது. குற்றமோ நினைவைப் பற்றுவது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கியவர்க்கே ஈடிபஸ் பாவியாகவோ பாவையாகவோ தோன்றுவன்.

1966-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் இ. ஆர். டாட்ஸ், நாடகத்துள் நிகழும் செயல்கள் ஈடிபஸ் தானே தெரிந்து செய்தனவே என்பதைத் தம் கட்டுரையொன்றில் வற்புறுத்தினார். நாம் கண்டவற்றிற்கும் அது பொருந்துவதே. தந்தையும் தாயும் யாவர் என்பதும், அறியாது தன் கையால் விளைந்ததும் அவன் பங்கு. அதனை அறிவதா, அறியாது மாய்வதா என்பதும், அறிந்தபின் அதனைத் தனதென ஏற்பதா, பிறர்மேற் சுமத்துவதா என்பதும் அவன் தேர்வு. பங்கு அவனை வீழ்த்திற்று. தேர்வோ வீழ்ந்தவிடத்தும் அவனை மகனாகவே நிறுத்திற்று. இவ்வெல்லையை வரைந்து காட்டியதே சோபோக்ளிஸ் நாடகத்தின் பயன் என்க.