தைக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா? இலவச வகுப்புக்குப் போறவங்க கவனிக்க!

சென்னை:

பிளவுசைத் தைக்கக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போகாத குடும்பத் தலைவி இந்த நகரத்தில் உண்டா? லைனிங் வைத்துத் தைத்தால் சில சமயம் துணியின் விலையைத் தையல் கூலி தாண்டிவிடுகிறது!

அந்தக் கூலி நம்ம வீட்டுக்கே வந்தால் என்ன என்று நினைக்கும் பெண்கள்தான், தன்னார்வத் தொண்டர்கள் நடத்தும் இலவசத் தையல் வகுப்புகளைத் தேடிப் போகிறார்கள்.

கோவில் மண்டபம், சர்ச் ஹால், சமூகநலக் கூடம் என்று இடம்தான் வேறு. காட்சி ஒன்றுதான். நாலைந்து மெஷின், சுற்றிலும் ஒரு கூட்டம். சொல்லிக் கொடுப்பவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துப் பழகியவராக இருப்பார். இல்லையென்றால் வீட்டுத் திண்ணையிலேயே பல வருஷம் மெஷின் மிதித்தவராக இருப்பார். சம்பளம் கிடையாது.

பேப்பர்தான் முதல் துணி

சேர்ந்த அன்றே கையில் துணி கிடைக்காது. நூல் கோர்க்காத மெஷினில் கோடு போட்ட காகிதத்தை ஓட்ட வேண்டும். ஊசி கோடு தவறாமல் போனால்தான் பாஸ். மிதி மாறினால் சக்கரம் பின்பக்கம் சுற்றும். நூல் மாட்டியிருந்தால் அறுந்தே போகும்.

அடுத்து வெட்டும் பாடம். அதற்கும் பழைய நியூஸ் பேப்பர்தான். மின்சார ரயிலில் படித்து முடித்த பேப்பர், மறுநாள் அங்கே ஜாக்கெட் கையாக மாறிவிடுகிறது!

காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி. ஜீன்சுக்கு 16 அல்லது 18. மெல்லிய பட்டுக்கு 11. மாற்றிப் போட்டால் துணியில் ஓட்டை விழும், இல்லாவிட்டால் ஊசி முறியும். பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இருந்தால்தான் இது கைக்கு வரும்.

பையன்களும் வருகிறார்கள். முன்பெல்லாம் டெய்லர் கடையில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்து, பட்டன் கட்டி, டீ வாங்கி வந்து, வருஷக் கணக்கில் காத்திருந்தால்தான் மாஸ்டர் கத்தரியைத் தொட விடுவார். இங்கே சில மாதத்திலேயே கத்தரி கைக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் சிக்கல்!

தொழில் கற்றாச்சு. மெஷினுக்கு எங்கே போவது?

தமிழக அரசின் இலவசத் தையல் எந்திரத் திட்டம் இருக்கிறது. 1967-ல் அண்ணா மந்திரிசபையில் இருந்தவரும், 1979-ல் மத்திய மந்திரி ஆனவருமான சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடப்பது. விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள், மாற்றுத் திறனாளிகள் மனுப் போடலாம். வயது 20 முதல் 40. வருமானச் சான்று வேண்டும். அதோடு, தையல் கற்றதற்கான சான்றிதழும் வேண்டும்!

பல தொண்டு வகுப்புகளில் நல்ல மனசு இருக்கிறது; முத்திரை இல்லை. மாங்கு மாங்கென்று மாதக் கணக்கில் கற்ற பெண், "சான்று எங்கேம்மா?" என்று கேட்டால் எதை நீட்டுவாள்? அந்தக் காகிதத்துக்காகவே பணம் கட்டி, தெரிந்த பாடத்தை இன்னொரு இடத்தில் திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். வகுப்பு பதிவு செய்யப்பட்டதா? முடிவில் சான்றிதழ் உண்டா? அதை அரசு அலுவலகத்தில் ஏற்பார்களா? கடைசிக் கேள்விக்கு மாவட்ட சமூகநல அலுவலகத்திலேயே விசாரிப்பது நல்லது.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒரு பாடம். கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு உண்டு. மாணவிகளை அதற்கும் தயார் செய்தால், உங்கள் உழைப்புக்கு ஒரு அரசுச் சான்று சாட்சியாக நிற்கும்.

"மெஷின் வாங்கித் தர்றேன், ஆயிரம் கொடு" என்று யாராவது வந்தால் உஷார்! அரசு தருவது இலவச மெஷின். அதற்கு விலை சொல்கிறவன் புரோக்கர்தான். அவன் தைப்பது சட்டை அல்ல, உங்கள் தலைக்குக் குல்லா!