மூன்று மாதம்கூட ஓடாத ‘டவுனீஸ்’: தொலைக்காட்சித் தொடர்கள் ஏன் பாதியில் நிற்கின்றன?

அமெரிக்காவின் ஏபிசி ஒளிவழியில் 1996ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, புதன்கிழமை இரவு 8.30 மணிக்கு ஒரு புதிய நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. பெயர் ‘டவுனீஸ்’. மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் ஒரு நகரில், உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை செய்யும் மூன்று தோழிகளின் கதை அது. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதியுடன் அதன் ஒளிபரப்பு நின்றது.

மொத்தம் 15 அங்கங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. அவற்றில் சில திரைக்கு வரவே இல்லை.

அந்தத் தொடரில் தோன்றிய நடிகர்களின் பட்டியலை இன்று பார்ப்பவர்களுக்கு வியப்பு ஏற்படும். ‘தர்மா அண்ட் கிரெக்’ தொடரின் ஜெனா எல்ஃப்மன், ‘கில்மோர் கேர்ள்ஸ்’ தொடரின் லோரன் கிரஹாம், ‘ஆஃபிஸ் ஸ்பேஸ்’ படத்தின் ரான் லிவிங்ஸ்டன், மேடை நகைச்சுவையில் பெரும்புகழ் பெற்ற பில் பர், ‘டூ அண்ட் எ ஹாஃப் மென்’ தொடரில் வீட்டு வேலைக்கார பெர்டாவாக வந்த கான்சாட்டா ஃபெரல் ஆகிய ஐவரும் அதில் இருந்தனர். எல்லாருக்கும் மேலாக அதன் நாயகி மோலி ரிங்வால்ட்.

இத்தனை திறமையாளர்கள் ஒன்றுசேர்ந்த தொடர் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்காதது எப்படி? விடை நடிப்பில் இல்லை. அந்நாளைய தொலைக்காட்சித் தொழில் இயங்கிய முறையில் இருக்கிறது.

பெயரிலேயே ஒரு கதை

‘டவுனி’ என்பது அமெரிக்கப் பேச்சுவழக்குச் சொல். ஒரு நகரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவரைக் குறிக்கும். கல்லூரி மாணவர்களும் விடுமுறைக்கு வரும் வசதி படைத்தவர்களும் உள்ளூர் மக்களைச் சற்று இளக்காரமாகச் சுட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவது உண்டு. உள்ளூர்க்காரர்களோ அதே சொல்லைப் பெருமையோடு தங்களுக்குச் சூட்டிக்கொள்வதும் உண்டு. தொடரின் தலைப்பில் இந்த இரண்டு பொருளும் அடங்கியிருந்தன.

கதைக்களம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் நகரம். பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் அமைந்த இந்த நகரில் 1623ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் மீன்பிடிக்கக் குடியேறினர். கடலுக்குச் சென்று திரும்பாத மீனவர்களின் நினைவாக, கப்பல் சக்கரத்தைப் பற்றி நிற்கும் மீனவரின் வெண்கலச் சிலை அங்கு இருக்கிறது. மாண்டவர்களின் பட்டியலில் உள்ள பெயர்கள் 5,000க்கும் அதிகம்.

தொடர் வந்த காலம் அந்த நகருக்குச் சோதனையான காலம். அளவுக்கு மீறிப் பிடித்ததால் காட் வகை மீன்கள் வெகுவாகக் குறைந்தன. குளோஸ்டர் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த ஜார்ஜஸ் பேங்க் கடற்பரப்பின் பெரும்பகுதிகளை 1994ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் மூடியது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவதா, ஊரிலேயே இருப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் உண்மையாகவே எழுந்த நேரம் அது.

‘டவுனீஸ்’ சமூகச் சிக்கலை அலசும் தொடர் அல்ல. சிரிக்க வைப்பதே அதன் வேலை. ஆனால் அதன் நாயகிகள் அப்படிப்பட்ட ஊரில் தங்கிவிட்டவர்கள்.

நியூயார்க்கா, குளோஸ்டரா?

அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியை ஆட்டிவைத்த தொடர் ‘ஃபிரெண்ட்ஸ்’. என்பிசி ஒளிவழியில் 1994ஆம் ஆண்டு தொடங்கி, 2004 வரை 236 அங்கங்கள் ஓடியது. ஆறு நண்பர்கள், ஒரு காப்பிக்கடை, மன்ஹாட்டனில் விசாலமான வீடுகள். அதன் வெற்றியைக் கண்ட மற்ற ஒளிவழிகளும் இளம் நண்பர்கள் கூடிப் பேசும் தொடர்களைத் தேடத் தொடங்கின.

‘டவுனீஸ்’ தொடரும் அந்த அலையில் வந்ததுதான். ஆனால் அதன் வேர் வேறு. அதைத் தயாரித்தது கார்ஸி-வெர்னர் நிறுவனம். உழைக்கும் வர்க்கக் குடும்பத்தின் கதையான ‘ரோசேன்’, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் தனித்தாயின் கதையான ‘கிரேஸ் அண்டர் ஃபயர்’ ஆகிய வெற்றித் தொடர்கள் அந்நிறுவனத்தின் படைப்புகள். மேத்யூ கார்ல்சன் உருவாக்கிய ‘டவுனீஸ்’ அந்த வரிசையில் நின்றது. ‘ஃபிரெண்ட்ஸ்’ நண்பர்கள் காப்பிக்கடையில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள். ‘டவுனீஸ்’ தோழிகளோ உணவகத்தில் நின்று உழைப்பவர்கள்.

ரிங்வால்டுக்கு இது முக்கியமான மறுவருகை. ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ (1984), ‘த பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985), ‘பிரிட்டி இன் பிங்க்’ (1986) ஆகிய படங்களால் பதின்ம வயதிலேயே ‘டைம்’ இதழின் அட்டைப்படத்தில் இடம்பெற்றவர் அவர். பின்னர் பாரிசில் சில ஆண்டுகள் வசித்தார். உலகம் அறிந்த நட்சத்திரம், ஊரைவிட்டுப் போகாத பெண்ணாக நடிக்க வந்தார்.

உணவகம் ஏன்?

நகைச்சுவைத் தொடர்கள் உணவகத்தையும் மதுக்கூடத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் செலவும் ஒரு காரணம். ‘சிட்காம்’ எனப்படும் இவ்வகைத் தொடர்களில் பெரும்பாலானவை அந்நாளில் ஒரே அரங்கில், நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில், பல கேமராக்களைக் கொண்டு படமாக்கப்பட்டன. நிலையாக அமைத்த இரண்டு மூன்று காட்சிக்கூடங்களுக்குள் கதை நடக்க வேண்டும்.

அதற்கு உணவகம் தோதான இடம். நம் ஊர் காப்பிக்கடையைப் போலவே அங்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தந்தை, பழைய காதலர், கடன் கொடுத்தவர் என எவரும் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால் ஒரு காட்சி தொடங்கிவிடும். விளம்பரங்கள் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம் என்பதால், பாத்திரங்களை ஒன்றுசேர்க்க நேரத்தை வீணாக்க முடியாது.

ஆயுளை முடிவு செய்வது யார்?

அக்காலத்தில் ஒரு தொடரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் அமையும். ஆண்டின் தொடக்கத்தில் முன்னோட்ட அங்கம் ஒன்று படமாக்கப்படும். மே மாதம் ஒளிவழிகள் தங்கள் புதிய பட்டியலை விளம்பரதாரர்களிடம் அறிவிக்கும். தேர்வான தொடருக்கு வழக்கமாக 13 அங்கங்கள் வரை அனுமதி கிடைக்கும். செப்டம்பரில் ஒளிபரப்பு தொடங்கும். வரவேற்பு நன்றாக இருந்தால் மேலும் 9 அங்கங்கள் சேர்த்து 22 ஆக்குவார்கள். இல்லையென்றால் ஆண்டு முடிவதற்குள் இடம் பறிபோகும்.

வரவேற்பை அளந்தது நீல்சன் நிறுவனம். தொலைக்காட்சி இருந்த 9 கோடிக்கும் அதிகமான வீடுகளிலிருந்து சில ஆயிரம் வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, அங்கு யார் எதைப் பார்க்கிறார் என்று பதிவு செய்தது. அந்த எண்ணிக்கையை வைத்தே விளம்பரக் கட்டணம் முடிவானது. அதிலும் 18 முதல் 49 வயது வரையிலான பார்வையாளர்களையே விளம்பரதாரர்கள் பெரிதும் விரும்பினர்.

‘டவுனீஸ்’ தொடருக்குக் கிடைத்த இடம் மோசமானதல்ல. முன்னால் ‘எலன்’, பின்னால் ‘கிரேஸ் அண்டர் ஃபயர்’ என இரண்டு அறிமுகமான தொடர்களுக்கு நடுவே அது வைக்கப்பட்டது. புதிய தொடரை இப்படி நடுவில் வைத்தால், முந்தைய நிகழ்ச்சியின் பார்வையாளர்கள் எழுந்து போகாமல் இருப்பார்கள் என்பது கணக்கு. ஆனால் அந்த இடத்திற்கு ஒரு விலையும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள தொடர்களின் எண்ணிக்கையோடு புதிய தொடர் ஒப்பிடப்படும். நடுவில் சரிவு ஏற்பட்டால் பழி அதன்மேல் விழும். எதிரே ஃபாக்ஸ் ஒளிவழியில் இளையர்களைக் கட்டிப்போட்ட ‘பெவர்லி ஹில்ஸ், 90210’ ஓடிக்கொண்டிருந்தது.

காத்திருந்து வென்றவை

குளோஸ்டருக்கு அருகிலுள்ள பாஸ்டன் நகரின் மதுக்கூடம் ஒன்றைக் களமாகக் கொண்ட ‘சியர்ஸ்’ 1982ஆம் ஆண்டு தொடங்கியபோது தரவரிசையின் அடிப்பகுதியில் கிடந்தது. என்பிசி அதை நிறுத்தவில்லை. 11 ஆண்டுகள் ஓடி, அமெரிக்காவின் புகழ்பெற்ற தொடர்களில் ஒன்றாக அது முடிந்தது.

உணவக மேசையைச் சுற்றி நண்பர்கள் பேசும் ‘சைன்ஃபெல்ட்’ தொடருக்கு, முன்னோட்ட அங்கத்திற்குப் பிறகு முதலில் கிடைத்த அனுமதி வெறும் 4 அங்கங்கள். அதுவும் 1998 வரை நீடித்தது.

இவற்றைப் போலவே ‘டவுனீஸ்’ தொடரும் காத்திருந்தால் வென்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாத்திரங்கள் பார்வையாளர்களுக்குப் பழக்கமாவதற்கு நாளாகும். வந்தவுடன் தெரிந்தவர் யாரையும் நாம் நண்பர் என்று அழைப்பதில்லை. மூன்று மாதத்திற்குள் நின்றுபோன தொடர் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு அந்த மூன்று மாத எண்ணிக்கை பதில் சொல்வதில்லை.

பணம் 100ஆவது அங்கத்தில்

நின்றுபோன தொடர் கண்ணிலிருந்தே மறைந்துவிடுவதற்கும் கணக்குதான் காரணம். ஒளிவழி கொடுக்கும் தொகை பெரும்பாலும் தயாரிப்புச் செலவை ஈடுகட்டாது. பின்னாளில் மற்ற நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை விற்றே தயாரிப்பாளர்கள் இலாபம் பார்த்தனர். வாரத்திற்கு ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்ப ஏறத்தாழ 100 அங்கங்கள் தேவை என்பது அத்துறையின் வழக்கம்.

15 அங்கங்கள் கொண்ட தொடர் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதை வாங்க ஆள் இருக்காது. ஒரு குழுவின் பல மாத உழைப்பு பெட்டிக்குள் போய்விடும். நடிகர்கள் மட்டுமல்ல, எழுத்தாளர், ஒப்பனையாளர், தச்சர், ஒளியமைப்பாளர் என அனைவரும் ஒரே நாளில் வேலை இழப்பார்கள்.

அதன் பிறகு

ஏபிசி எல்ஃப்மனைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஓராண்டுகூட ஆகவில்லை. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே ஒளிவழியில் ‘தர்மா அண்ட் கிரெக்’ தொடங்கியது. 2002 வரை ஓடிய அத்தொடருக்காக அவர் கோல்டன் குளோப் விருதும் பெற்றார். லிவிங்ஸ்டன் நடித்த ‘ஆஃபிஸ் ஸ்பேஸ்’ 1999ஆம் ஆண்டு வெளியானது. ஃபெரல் 2003ஆம் ஆண்டு முதல் 12 ஆண்டுகள் பெர்டாவாக வந்தார். 2020ஆம் ஆண்டு காலமானார். மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே பிறந்த பில் பர், அப்பகுதிப் பேச்சுநடை மாறாமல் இன்றும் மேடையேறுகிறார்.

லோரன் கிரஹாம் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ‘கில்மோர் கேர்ள்ஸ்’ தொடங்கியது. அதன் களமும் அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள ஒரு சிறிய ஊர்தான். அந்த ஊரின் நடுவிலும் ஓர் உணவகம். ஆனால் இம்முறை அவர் காப்பி கேட்டு வரும் வாடிக்கையாளர். முதல் ஆண்டில் அத்தொடர் ‘ஃபிரெண்ட்ஸ்’ ஓடிய அதே நேரத்தில்தான் ஒளிபரப்பானது. அதை ஒளிபரப்பிய டபிள்யூபி சிறிய ஒளிவழி என்பதால், பெரிய ஒளிவழிகள் ஏற்காத எண்ணிக்கையே அதற்குப் போதுமாக இருந்தது. ஏழு பருவங்கள் ஓடிய அத்தொடர் 2016ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்சில் மீண்டும் உயிர்பெற்றது.

சிறிய ஊர், அதில் ஓர் உணவகம், அங்கேயே வாழ முடிவெடுத்த மக்கள். 1996ஆம் ஆண்டு 15 அங்கங்களோடு நிறுத்தப்பட்ட அதே அமைப்பை, நான்கு ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் 153 அங்கங்கள் வரை பார்த்தனர்.